ஓலை பட்ட கண்ணுக்கு ஒரு நாள் கெடு

செம்பனைக் குலை வெட்டுகிறவர் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தபடியே வேலை செய்ய வேண்டும். நீண்ட கம்பின் நுனியில் பூட்டிய அரிவாளால் முதலில் மட்டையை அறுத்துத் தள்ளுவார். பிறகுதான் குலை இறங்கும். மட்டையின் இரண்டு ஓரத்திலும் முள் இருக்கும். அறுபடும்போது தூசி, காய்ந்த நார், பூச்சி எல்லாம் நேராக முகத்தில் கொட்டும். கீழே உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களுக்கு வேறு தொல்லை. வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குள் அவர்கள் குனியும்போது ஓலை நுனி சரியாகக் கண்ணுக்கு நேரே நிற்கும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம், பாடாங் செராய், பீடோங், கோலக் கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் "கண்ணுல ஓலை அடிச்சிருச்சு" என்ற பேச்சு புதியதல்ல.

கண்ணைக் கசக்குவார்கள், தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள், வேலையைத் தொடர்வார்கள். பெரும்பாலோருக்கு மறுநாளே சரியாகிவிடும். சிலருக்குச் சரியாகாது. மூன்றாம் நாள் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல், கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளி ஒரு புண். அது ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு நடுவில் விழுந்தால் பார்வை போகும்.

இந்தப் புண்ணுக்கு என்ன மருந்து போட வேண்டும், எப்போது போட வேண்டும், எதைப் போடவே கூடாது? இந்த மூன்று கேள்விக்கும் உலகம் இன்று நம்பும் பதில்கள் பெரும்பாலும் நேபாளத்துக் கிராமங்களிலும் மதுரை வட்டாரத்திலும் கிடைத்தவை. வயலிலும் தோப்பிலும் கண்ணில் அடிபட்டு வந்த ஏழைக் குடியானவர்கள்தான் அந்த ஆய்வுகளுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள். கெடா தோட்டத்துக் கண்ணுக்கும் அந்தப் பதில்களே செல்லும்.

அரை மில்லிமீட்டர் சுவர்

கருவிழியின் கனம் நடுவில் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அதில் ரத்தக் குழாய் கிடையாது. வெளிச்சம் தடையின்றி உள்ளே போவதற்கு அது நல்லது. ஆனால் கிருமி புகுந்துவிட்டால் அதை எதிர்க்க ரத்தத்தின் வழியாகப் படை வந்து சேரத் தாமதமாகும். மேல்தோல் கீறாமல் இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. ஓலை நுனியும் முள்ளும் வைக்கோலும் செய்வது இரண்டு வேலை: கதவைத் திறந்துவிடுகின்றன, கிருமியையும் தாங்களே கொண்டுபோய் வைக்கின்றன. காய்ந்த இலையிலும் மண்ணிலும் பூஞ்சைக்குக் குறைவே இல்லை.

இந்த நோயை மருத்துவ உலகம் முதலில் கண்டதும் ஒரு விவசாயியிடம்தான். 1879-ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர், கதிரடிக்கும்போது ஓட்ஸ் உமி தெறித்துக் கண் புண்ணான ஒருவரைப் பற்றி எழுதினார். அந்தப் புண்ணில் வளர்ந்திருந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. குளிர்நாட்டில் இது அரிதான நோயாகவே இருந்துவிட்டது. வெயிலும் ஈரமும் விவசாயமும் சேர்ந்த நாடுகளில் கதை வேறு. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1990-களில் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஒரு மாவட்டத்தில் அதே கணக்கு வெறும் 11.

மலேசியாவில் பார்வை இழப்புக்கு முதல் காரணம் இதுவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014-ல் நடந்த இரண்டாவது தேசியக் கண் ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையின்மைக்குக் கண்புரை 58.6 சதவீதமும், நீரிழிவு விழித்திரை நோய் 10.4 சதவீதமும், கண்நீர் அழுத்த நோய் 6.6 சதவீதமும் காரணம் என்று தெரிந்தது. ஆனால் கண்புரையை அறுவை செய்து பார்வையைத் திருப்பித் தர முடியும். முள் குத்திய புண் உழைக்கிற வயதில் வருகிறது. அது விட்டுச்செல்லும் தழும்பைத் துடைத்தெடுக்க எளிய வழியில்லை.

கண்ணாடித் துண்டில் ஒரு சோதனை

1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கருவிழிப் புண்ணோடு நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். 1994-ன் முதல் மூன்று மாதங்களில் வந்த 434 பேரை அங்கே வரிசையாக ஆராய்ந்தார்கள். அவர்களில் 65.4 சதவீதம் பேருக்குப் புண் வருமுன் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த புண்களில் ஏறக்குறையப் பாதி பாக்டீரியாவால் வந்தவை, மறுபாதி பூஞ்சையால். ஐரோப்பியப் பாடப்புத்தகம் 'அரிது' என்று சொன்ன நோய், இங்கே இரண்டு பேரில் ஒருவருக்கு.

இதில் சங்கடம் என்னவென்றால், இரண்டு புண்ணும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மருந்துகளோ வேறு வேறு. பூஞ்சைப் புண்ணின் ஓரம் இறகுபோலப் பிசிறடித்திருக்கும், பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும் என்று அனுபவமுள்ள மருத்துவர் சொல்வார். அனுபவசாலியும் தவறலாம். ஆகையால் சோதனை செய்தே தீர வேண்டும். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டபின், நோயாளி ஸ்லிட் லேம்ப் கருவியில் மோவாயை வைத்து அசையாமல் உட்காருவார். மருத்துவர் மழுங்கிய நுனியுள்ள ஒரு சிறு தகட்டால் புண்ணின் ஓரத்தையும் அடியையும் மெல்லச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவுவார். அதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி. திசுக்கள் கரைந்து தெளிந்துவிடும். பூஞ்சை இருந்தால் கிளைவிட்ட இழைகள் நுண்ணோக்கியில் தெரியும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை. சில நிமிடங்களில் பதில் கிடைக்கும்.

பதினெட்டு மணி நேரம்

புண் வந்தபின் போராடுவதைவிட வராமலே தடுக்க முடியுமா என்று கேட்டவர்கள் நேபாளத்துக்காரர்கள். காட்மாண்டுவை அடுத்த பக்தபூர் மாவட்டத்தில் டாக்டர் மதன் உபாத்யாயும் அவரது குழுவும் 34,902 பேர் கொண்ட மக்கள்தொகையை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். உள்ளூர் சுகாதார ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி மட்டும் கொடுத்தார்கள்: கண்ணில் அடிபட்டு யாராவது வந்தால் கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் ஒரு சதவீதக் குளோராம்பெனிகால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை.

2001-ல் வெளியான முடிவை எந்தத் தோட்டத்து மருந்தகத்திலும் எழுதி ஒட்டலாம். கீறலோடு வந்தவர்கள் 442 பேர். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போடத் தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நான்கு பேருக்கு வந்தது. 24 முதல் 48 மணி நேரம் கழித்து வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண். முதல் நாள் போனவருக்கும் மறுநாள் போனவருக்கும் களிம்பு ஒன்றே, ஊழியர்கள் பெற்ற பயிற்சியும் ஒன்றே. கணக்கில் பெரிதாக வேறுபட்டது நேரம்.

ஒரு சந்தேகம் எஞ்சியது. குளோராம்பெனிகால் பாக்டீரியாவை அடக்கும் மருந்து. பூஞ்சையை அது தொடாது. பூஞ்சை மிகுந்த தென்னிந்தியாவில் அது மட்டும் போதுமா? இதற்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தனியாக ஒரு சோதனை நடந்தது. கண்ணில் கீறலோடு வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு அந்தக் களிம்போடு பூஞ்சை மருந்தும், மற்றப் பிரிவினருக்குக் களிம்போடு மருந்தில்லாத போலிக் களிம்பும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 2006-ல் வந்த முடிவு: இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உடனே போட்டால் சாதாரணக் களிம்பே போதுமானது.

பழைய மருந்து புதியதை வென்ற கதை

தாமதமாக வந்து, பூஞ்சைப் புண்ணும் வந்துவிட்டவருக்கு என்ன செய்வது? நேட்டமைசின் என்ற சொட்டு மருந்து நெடுநாளாக இருந்தது. 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் தந்த மருந்து அது; பெயரிலேயே நேட்டால் இருக்கிறது. பால்போல் கலங்கிய திரவம். கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாது. 2000-களில் வோரிகோனசோல் என்ற புதிய மருந்து வந்தது. ஆய்வுக்கூடத் தட்டில் பலவகைப் பூஞ்சைகளை அது அடக்கியது, கருவிழிக்குள்ளும் நன்றாக இறங்கியது. கண் மருத்துவர்கள் பலரும் இனி இதுதான் என்று நம்பத் தொடங்கினார்கள். விலை மிக அதிகம்.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னா குழுவினரும், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள பிராக்டர் கண் ஆய்வு நிறுவனத்தாரும். 2010 ஏப்ரலில் மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை; குலுக்கல் முறை தேர்ந்தெடுத்தது. 'இவருக்குக் கொஞ்சம் மோசமாக இருக்கிறது, புது மருந்தைக் கொடுப்போம்' என்று மருத்துவர் இரக்கப்பட்டால்கூடக் கணக்கு கோணிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, ஒரு வாரத்துக்கு. பிறகு மூன்று வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கு ஒரு முறை.

இத்தகைய ஆய்வுகளை வெளியிலிருந்து கண்காணிக்க ஒரு குழு இருக்கும். ஒரு பக்கம் தெளிவாகத் தோற்கிறது என்று தெரிந்தால், நோயாளிகளின் நலனுக்காக நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. இங்கே அதுதான் நடந்தது. 368 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வு 323 பேரோடு நின்றது. தோற்றது புதிய மருந்து.

மூன்று மாதத்தின் முடிவில், பழைய நேட்டமைசின் போட்டவர்கள் கண் பரிசோதனைப் பலகையில் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தாக்கியவர்களிடம் வித்தியாசம் நான்கு வரி. கருவிழி ஓட்டையாகிப்போவதும் அவசர மாற்று அறுவை செய்ய நேர்வதும் நேட்டமைசின் பிரிவில் கணிசமாகக் குறைவு. 2013-ல் முடிவு வெளியானது. அடுத்து, சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்தால் பலன் உண்டா என்று 240 பேரிடம், இந்தியாவிலும் நேபாளத்திலும், சோதித்தார்கள். அதிலும் பொதுவான பலன் தெரியவில்லை. 2017-ல் உலகச் சுகாதார நிறுவனம் நேட்டமைசினைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

புதிதும் விலை உயர்ந்ததுமே சிறந்தது என்ற எண்ணத்தை இந்த 323 பேரின் கண்கள் மாற்றின. சோதனை நடக்காமல் போயிருந்தால், தோட்டத் தொழிலாளி கடன் வாங்கியாவது பார்வைக்குக் குறைந்த நன்மை தரும் மருந்தை வாங்கிக்கொண்டிருப்பார்.

போடவே கூடாதவை

மூன்றாவது கேள்விக்கு வருவோம். சிவந்த கண்ணுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டுகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் சிவப்பும் வலியும் குறையும்; 'நல்ல மருந்து' என்று தோன்றும். பாக்டீரியாப் புண்ணில் ஸ்டீராய்டைச் சேர்க்கலாமா என்று பெரும்பாலும் அரவிந்தில், 500 நோயாளிகளோடு நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது: மூன்று மாதத்தில் மொத்தத்தில் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. பூஞ்சைப் புண்ணிலோ நிலைமை வேறு. உடலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அடக்க, பூஞ்சை தடையின்றி உள்ளே இறங்கும். எந்தக் கிருமி என்று தெரியாமல் ஸ்டீராய்டு போடுவது கண்ணை வைத்து ஆடும் சூதாட்டம்.

வீட்டு வைத்தியமும் இந்தப் பட்டியலில்தான். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு, நாக்கு நுனியால் தூசியை எடுப்பது — பாட்டிமார் பாசத்தோடு செய்தவைதான். ஆனால் கீறிய கருவிழிக்கு இவை ஒவ்வொன்றும் புதுக் கிருமிக்கு வழி. அதைவிடப் பெரிய நஷ்டம், இவற்றை நம்பி அந்த 18 மணி நேரம் கழிந்துவிடுவது.

தோட்டத்துப் பூஞ்சை நகரத்துக்கு வந்தது

கெடா தமிழர்களில் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிம் தொழிற்பேட்டையிலும் வேலைக்குப் போகிறார்கள். குலை வெட்டுவதும் மட்டை அடுக்குவதும் பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் கையில். வடக்கே மூடா சமவெளியில் நெல் அறுக்கும் மலாய்க் குடியானவர்களுக்கும் வைக்கோலும் நெல் சுணையும் இதே ஆபத்தைக் கொண்டுவருகின்றன.

நகரத்துக்குப் போனவர்களையும் பூஞ்சை விடவில்லை. 2005 மார்ச்சிலிருந்து 2006 மே வரை சிங்கப்பூரில் 66 பேருக்கு ஃபியூசேரியம் கருவிழிப் புண் வந்தது. ஏறக்குறைய எல்லாருமே கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்கள். ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் இதே போக்கு தெரிந்தது. விசாரித்ததில் 'ரெனு மாய்ஸ்சர்லாக்' என்ற லென்ஸ் கழுவும் திரவம் பொதுவாக அகப்பட்டது. 2006 மே மாதம் பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் அதை உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து விலக்கியது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவரின் பேத்தி, அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அதே நோய்க்கு ஆளாக முடியும். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, போட்டபடி தூங்கக் கூடாது என்று கடையில் சொல்வது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்லை. புல்வெட்டும் இயந்திரம் பிடிப்பவர், வெல்டிங் பட்டறையில் தேய்ப்பவர், முகக்கண்ணாடி இல்லாத தலைக்கவசத்தோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் ஆகியோரும் அடிபடும் வரிசையில் இருக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கருவிழிப் புண் ஆறுவது இன்னும் மெதுவாகும்.

கெடாவில் என்ன வழி?

ஒரு ரிங்கிட் கட்டணத்தில் குடிமக்களைப் பார்க்கும் அரசுச் சுகாதார நிலையங்கள் தோட்டப்புறங்களுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனையிலும் அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. ஆய்வுக்கும் இந்த நாட்டில் அடித்தளம் இருக்கிறது: கண்புரை அறுவைகளைப் பதிந்து தரம் பார்க்கும் தேசியப் பதிவேடு 2002-லேயே தொடங்கியது. பீடோங் அருகே செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் மருத்துவம் படிக்கிறார்கள். தோட்டத்தில் கண்ணில் அடிபடுகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை மணி நேரம் கழித்து வருகிறார்கள் என்று பக்தபூரில் செய்ததுபோல் எண்ணிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

வேலையில் கண் அடிபட்டால் அது சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பதிய வேண்டிய விபத்து. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்புக்கு வழி செய்வது முதலாளியின் கடமை. கண்ணாடி கொடுத்தாலும் வியர்வையில் மங்கிவிடுகிறது என்று வெட்டுகிறவர்கள் கழற்றி வைப்பதும் உண்மை. மங்காத கம்பிவலைக் கண்ணாடி அதற்கு ஒரு மாற்று, ஆனால் நுண்தூசியை அது தடுக்காது. களைக்கொல்லி தெளிப்பவர்களுக்கு வேறு விதி: பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை என்றாலும், மற்ற மருந்துகள் கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுத்தான் கிளினிக்குக்குக் கிளம்ப வேண்டும்.

புண் முற்றிக் கருவிழி வெளுத்துப்போனால் மிஞ்சுவது மாற்றுக் கருவிழி. மலேசியாவில் பொருத்தப்படும் கருவிழிகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து தானமாக வருபவை. பூஞ்சை தாக்கிய கண்ணில் பொருத்தியது நிலைப்பதும் உறுதியில்லை. அந்த நிலைக்குப் போகாமல் தடுப்பது ஒரு குழாய் களிம்பும் ஒரு மோட்டார் சைக்கிள் பயணமும்தான்.

எனவே தோட்ட நிர்வாகங்களுக்கும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்ணில் ஓலை பட்டது என்று ஒருவர் சொன்னால், குலைக் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்க வைக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்புங்கள். அந்த அரை நாள் கூலியையும் பிடிக்காதீர்கள். அடிபட்டவருக்கும் ஒரு வார்த்தை: கிளினிக்கில் "கண் சிவந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள், எது பட்டது, எத்தனை மணிக்குப் பட்டது, அதற்குள் என்னென்ன போட்டீர்கள் என்று மூன்றையும் சொல்லுங்கள். எந்த மருந்து என்று மருத்துவர் முடிவு செய்ய அந்த மூன்றும் தேவை.